விண்டோ வேறு, ஃபைல் வேறு: எக்செல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது

எக்செல் பற்றி மற்றவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன். ஃபார்முலா பற்றிய கேள்விகளைக் கழித்துவிட்டால், மிச்சத்தில் பெரும்பாதி ஒரே ரகம். 'ஃபைலைத் திறந்தா வெறும் சாம்பல் திரைதான் வருது.' 'ஒண்ணுதான் திறந்தேன், ரெண்டு வந்து நிக்குது.' 'முதல் நாலு வரியைக் காணோம்.' 'வேற யாரோ திறந்து வெச்சிருக்காங்கன்னு சொல்லுது, பேரைப் பார்த்தா என் பேரு.'

ஒவ்வொன்றுக்கும் தேடினால் தீர்வு கிடைத்துவிடும். இந்த டிக்கை எடு, அந்தப் பொத்தானை அழுத்து, முடிந்தது. ஆனால் அடுத்த வாரம் வேறு உருவத்தில் அதே பிரச்சினை வந்து நிற்கும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குழப்பம்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. திரையில் தெரியும் விண்டோ, வட்டில் இருக்கும் ஃபைல், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எக்செல் ஆகிய மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். அவை மூன்றும் வேறு வேறு. ஒவ்வொன்றும் தனக்கென்று சில விஷயங்களை ஞாபகம் வைத்திருக்கிறது. ஏதாவது விசித்திரமாக நடந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஃபைலா, ஓடும் எக்செல்லா, இல்லை இந்தக் கம்ப்யூட்டரா?

குழப்பத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. எக்செல் 2010 வரை ஒரு பெரிய விண்டோ இருக்கும். அதற்குள்ளே குட்டி விண்டோக்களாக ஃபைல்கள் இருக்கும். மேலே ஒரே ரிப்பன். உள்ளே இருக்கும் ஃபைலைச் சுருக்கலாம், பக்கத்தில் பக்கமாக அடுக்கலாம், ஆனால் வெளிச்சட்டத்தைத் தாண்டி அது போகாது. வீடு ஒன்று, அறைகள் பல என்பது கண்ணுக்கே தெரிந்தது. 2013 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி விண்டோ, தனி ரிப்பன். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி, மறுக்கவில்லை. (பல ஃபைல்களை அவற்றின் விண்டோ அமைப்போடு சேர்த்துச் சேமிக்கும் 'ஒர்க்ஸ்பேஸ்' வசதி இந்த மாற்றத்தோடு போய்விட்டது. அதற்காக வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன்.) ஆனால் மாறியது தோற்றம் மட்டும்தான். உள்ளே ஓடும் எக்செல் இன்னமும் ஒன்றே ஒன்று. நான்கு ஃபைல்களை டபுள் கிளிக் செய்து திறந்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். எக்செல் ஒன்றுதான் இருக்கும், அதை விரித்தால் உள்ளே நான்கு விண்டோக்கள் தெரியும். வெளியே நான்கு தனி வீடுகள் மாதிரி இருக்கிறது, உள்ளே சுவர் கிடையாது.

சுவர் இல்லை என்பதன் விளைவுகளைப் பார்ப்போம். முதலாவது அன்டூ. கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் இந்த ஃபைலில் செய்த கடைசி வேலை ரத்தாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரே எக்செல்லில் திறந்திருக்கும் எல்லா ஃபைல்களுக்கும் அன்டூ வரிசை பொதுவானது. ஃபைல் 'அ'வில் பத்து மாற்றங்கள், பிறகு 'ஆ'வில் இரண்டு. இப்போது 'ஆ'வில் நின்று மூன்று தடவை கண்ட்ரோல்-இசட் அடித்தால், மூன்றாவது அடி 'அ'வில் விழும். திரை திடீரென்று வேறு ஃபைலுக்குத் தாவும். 'விண்டோ தானா மாறுது' என்று ஒருவர் சொன்னார். தானாக ஒன்றும் மாறவில்லை, எங்கே அழித்ததோ அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறது. வேகமாக அடிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், தொடாத ஃபைலில் ஒரு எண் பழையபடி மாறியிருக்கும்.

இரண்டாவது இன்னும் மோசம். கணக்கிடும் முறை, அதாவது தானியங்கியா கைமுறையா என்பது, ஃபைலுக்கு உரியது இல்லை; ஓடும் எக்செல்லுக்கு உரியது. ஆனால் ஒவ்வொரு ஃபைலும் சேமிக்கப்படும்போது அந்த நேரத்து முறையைத் தன்னுள் எழுதிக்கொள்கிறது. காலையில் முதலில் எந்த ஃபைலைத் திறக்கிறீர்களோ, அதில் எழுதியிருக்கும் முறையே அன்றைய எக்செல்லின் முறை ஆகிவிடும். அடுத்து வரும் ஃபைல்கள் என்ன சொன்னாலும் கேட்காது. யாரோ ஒருவர் பெரிய ஃபைல் மெதுவாக ஓடுகிறதே என்று கைமுறைக்கு மாற்றிச் சேமித்து உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் அதை முதலில் திறக்கிறீர்கள். பிறகு உங்கள் சொந்தச் சம்பளக் கணக்கைத் திறந்து எண்களை மாற்றுகிறீர்கள். கூட்டுத்தொகை நகராது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. கீழே ஸ்டேட்டஸ் பாரில் 'கால்குலேட்' என்று சின்னதாக ஒரு சொல் மட்டும் நிற்கும். நீங்கள் சேமித்தால் உங்கள் ஃபைலும் கைமுறை ஆகிவிடும். அதை நீங்கள் இன்னொருவருக்கு அனுப்புவீர்கள். அம்மை மாதிரி பரவும். ஃபார்முலாஸ் டேபில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' போய் ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டு, அந்த முதல் ஃபைலையும் ஒருமுறை சேமித்தால்தான் அது நிற்கும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு செல்லில் சமக்குறி போட்டு ஃபார்முலா எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் இன்னொரு ஃபைலில் ஏதோ பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த விண்டோவுக்குப் போய் ஒரு செல்லைக் கிளிக் செய்கிறீர்கள். பார்க்கத்தான் போனீர்கள், எக்செல்லோ அந்தச் செல்லின் முகவரியை உங்கள் ஃபார்முலாவில் சேர்த்துவிடுகிறது. ஏனென்றால் இரண்டு விண்டோவும் அதற்கு ஒரே இடம்தான். என்டர் அடித்துவிட்டால் போச்சு, ஒரு ஃபைல் இன்னொன்றோடு கோர்த்துக்கொண்டது. மாதங்கள் கழித்து 'இந்த ஃபைலில் வெளி இணைப்புகள் உள்ளன, புதுப்பிக்கவா?' என்று கேட்கும்போது யாருக்கும் ஒன்றும் புரியாது. ரிப்பனில் பாதிப் பொத்தான்கள் மங்கலாகத் தெரிந்தால், முதலில் ஏதாவது செல்லுக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்கேப் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். இதே காரணத்தால்தான், ஒரு ஃபைலில் ஒரு டயலாக் பெட்டி பதில் கேட்டு நின்றால் மற்ற ஃபைல்களும் உறைந்துவிடுகின்றன. அந்தப் பெட்டி இரண்டாவது மானிட்டரிலோ வேறொரு விண்டோவுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். கிளிக் செய்தால் 'டங்' என்று சத்தம் மட்டும் வரும். 'எக்செல் ஹேங் ஆயிடுச்சு' என்று டாஸ்க் மேனேஜரில் கொல்வதற்கு முன்னால் ஆல்ட்-டேப் போட்டுத் தேடிப் பார்ப்பது நல்லது.

உண்மையிலேயே தனித்தனியாக ஓட வேண்டுமானால் வழி உண்டு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே எக்செல் ஐகானைக் கிளிக் செய்யுங்கள். விடாமல் பிடித்தால் 'புதிய இன்ஸ்டன்ஸ் தொடங்கவா?' என்று கேட்கும். கனமான கணக்கு ஒன்று ஓடும்போது பக்கத்தில் வேறு வேலை பார்க்க இது உதவும். ஆனால் இப்போது நடுவில் சுவர் வந்துவிடும். ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றதில் ஒட்டினால் ஃபார்முலா வராது, அதன் விடை மட்டும்தான் வரும். ஏற்கெனவே ஒன்றில் திறந்திருக்கும் ஃபைலை மற்றதில் திறக்கப் போனால் 'பூட்டப்பட்டுள்ளது' என்று உங்கள் பெயரையே சொல்லும்.

நோட்டில் குறித்த அந்தக் கடைசிப் புகாருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. விண்டோவே இல்லாத எக்செல் ஒன்றும் இருக்க முடியும். ஸ்கிரிப்ட் மூலமோ வேறு மென்பொருள் மூலமோ எக்செல்லை இயக்கினால், அது இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாமல்தான் தொடங்கும். வேலை முடிந்ததும் அதை ஒழுங்காக மூடச் சொல்லாவிட்டால், ஃபைலைக் கையில் பிடித்தபடி பின்னணியில் உட்கார்ந்திருக்கும். டாஸ்க்பாரில் ஒன்றும் இருக்காது, ஃபைல் மட்டும் பூட்டியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பின்னணிச் செயல்கள் பகுதியில் பார்த்தால் ஆள் சிக்கிவிடுவார்.

இனி ஃபைல் ஞாபகம் வைத்திருப்பவை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் என்பது ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் கடைசியில் இருப்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால் உள்ளே ஃபோல்டர்கள் இருக்கும். 'எக்ஸ்எல்' என்ற ஃபோல்டருக்குள் 'ஒர்க்புக்' என்ற ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். நோட்பேடில் திறக்கலாம். அதில் 'புக் வியூஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். கடைசியாகச் சேமித்தவரின் திரையில் விண்டோ எந்த இடத்தில் இருந்தது, அகலம் உயரம் என்ன, எந்த ஷீட் முன்னால் இருந்தது, விண்டோ மறைக்கப்பட்டிருந்ததா, சுருக்கப்பட்டிருந்ததா எல்லாம் அதில் எழுதியிருக்கும். அளவுகள் 'ட்விப்' என்ற அலகில். ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப். விண்டோஸ் திரை அளவு 100 சதவீதத்தில் இருந்தால் ஒரு பிக்சலுக்கு 15 ட்விப். ஆக அகலம் 28800 என்று இருந்தால் 15-ஆல் வகுங்கள், 1920. சேமித்தவர் முழு எச்டி மானிட்டரில் விண்டோவை முழுதாக விரித்து வைத்திருந்தார். 20490 என்றால் 1366, சாதாரண லேப்டாப். 16384, 8192 என்று இரண்டின் அடுக்குகளாக அழகாக இருந்தால் அது அநேகமாக லிப்ரே ஆபீஸ் எழுதியது. அது உண்மையான அளவைப் பதியாமல் ஒரு நிலையான எண்ணைப் போட்டுவிடுகிறது. யாரோ அனுப்பிய ஃபைலைத் திறந்து அவர் எந்த மாதிரித் திரையில் வேலை செய்தார் என்று துப்பறிவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இதிலிருந்து சில புகார்கள் தாமாகவே விளங்கிவிடுகின்றன. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர் வலப்பக்க மானிட்டரில் வைத்துச் சேமித்த ஃபைல், ஒரே மானிட்டர் உள்ளவரிடம் சில நேரம் திரைக்கு வெளியே போய்த் திறக்கும். டாஸ்க்பாரில் பெயர் இருக்கும், விண்டோ இருக்காது. ஆல்ட்டும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தி, பிறகு 'எம்' எழுத்து, பிறகு ஏதாவது ஓர் அம்புக்குறி ஒரு தடவை. இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். விண்டோ முழுதாக விரிந்த நிலையில் இருந்தால் இந்த வழி வேலை செய்யாது. அப்போது விண்டோஸ் விசை, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மானிட்டர் மாறி வந்துவிடும்.

சாம்பல் திரைக்கு இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று, ஃபைல் மறைந்த நிலையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. வியூ டேபில் 'ஹைட்' என்று ஒன்று இருக்கிறது; அது ஷீட்டை மறைப்பதில்லை, ஃபைலின் விண்டோவையே மறைக்கும். மறைத்துவிட்டு எக்செல்லை மூடும்போது 'சேமிக்கவா' என்ற கேள்விக்கு ஆமாம் சொன்னால், அந்த மறைவும் சேர்ந்தே சேமிக்கப்படும். அடுத்த முறை ஃபைல் திறக்கும், ஆனால் காட்ட விண்டோ இருக்காது. அதே இடத்தில் 'அன்ஹைட்' ஒளிர்ந்துகொண்டிருந்தால் இதுதான் விஷயம். இரண்டாவது காரணம் ஃபைலில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. நீங்கள் டபுள் கிளிக் செய்யும்போது ஓடும் எக்செல்லுக்கு 'இந்த ஃபைலைத் திற' என்று டிடிஇ என்கிற பழைய வழியில் செய்தி போகலாம். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில், கீழே ஜெனரல் என்ற தலைப்பில், டிடிஇ பயன்படுத்தும் பிற செயலிகளைப் புறக்கணி என்று ஒரு டிக் உண்டு. அது விழுந்திருந்தால் எக்செல் வரும், செய்தி காதில் விழாது, வெறும் திரை நிற்கும். ஃபைல் மெனு வழியாகத் திறந்தால் மட்டும் ஒழுங்காகத் திறக்கும். இதை நாம் கையால் போட்டிருக்க வேண்டும் என்றில்லை. சில மேக்ரோக்கள் வேலை நடக்கும்போது தொந்தரவு வேண்டாம் என்று இதைப் போட்டுவிட்டு, எடுக்க மறந்துவிடும்.

மறைந்த ஃபைல் எப்போதும் கோளாறு இல்லை. மேக்ரோ பதிவு செய்பவர்களிடம் 'பர்சனல்' என்று ஒரு ஃபைல் இருக்கும், எக்செல் தொடங்கும்போதெல்லாம் மறைவாகத் திறந்துகொள்ளும். 'கடைசி ஃபைலை மூடினாலும் எக்செல் மூடமாட்டேங்குது, ரெண்டு தடவை மூட வேண்டியிருக்கு' என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். நீங்கள் மூடியது கடைசி ஃபைல் இல்லை.

ரெண்டு வந்து நிற்கும் கதைக்கு வருவோம். வியூ டேபில் 'நியூ விண்டோ' கொடுத்தால் அதே ஃபைலுக்கு இன்னொரு ஜன்னல் திறக்கும். பெயரின் பின்னால் 1, 2 என்று எண் வரும். ஒரு ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றில் எழுத அருமையான வசதி, இதைப் பழகாதவர்கள் பழகிக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் திறந்த நிலையில் சேமித்தால் ஃபைல் இரண்டு ஜன்னலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் திறக்கும்போது இரண்டு வந்து நிற்கும். அவர் இரண்டு நகல் இருப்பதாக நினைத்து ஒன்றில் திருத்துவார். மற்றதிலும் அது மாறுவதைப் பார்த்து மிரள்வார். இருப்பது ஒரு ஃபைல்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: உறைய வைத்த தலைப்பு வரிகள், கட்டக் கோடுகளை மறைத்தது போன்ற அமைப்புகள் ஜன்னலுக்கு ஜன்னல் தனி. பழைய பதிப்புகளில் இரண்டாவது ஜன்னல் இவை எதுவும் இல்லாமல் மொட்டையாகத்தான் திறக்கும். முதல் ஜன்னலை மூடிவிட்டு இரண்டாவதை வைத்துச் சேமித்தால், எல்லா ஷீட்டிலும் போட்ட உறைதல் அத்தனையும் போய்விடும். மூடுவதாக இருந்தால் பெரிய எண்ணை முதலில் மூடுங்கள்.

காணாமல் போன நாலு வரிக்கும் உறைதல்தான் காரணமாக இருக்கும், அதிலும் ஒரு விசேஷ வகை. ஃப்ரீஸ் பேன்ஸ் கொடுக்கும் நேரத்தில் திரை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் உறைகிறது, முதல் வரியிலிருந்து இல்லை. கொஞ்சம் கீழே ஸ்க்ரோல் ஆகி ஐந்தாம் வரி உச்சியில் இருக்கும்போது எட்டாம் வரியில் நின்று உறைய வைத்தால், ஐந்து முதல் ஏழு வரை மேலே ஒட்டிக்கொள்ளும். ஒன்று முதல் நான்கு வரை உறைந்த பகுதிக்கு மேலே மாட்டிக்கொள்ளும். ஸ்க்ரோல் செய்து அங்கே போகவே முடியாது. அன்ஹைட் செய்து பார்ப்பார்கள், வராது; ஏனென்றால் அவை மறைக்கப்படவில்லை. வரி எண் ஐந்திலிருந்து தொடங்குவதைப் பார்த்தால் மறைத்த வரிகள் போலவேதான் தெரியும். அதனால் வரிகளைத் தேடும்போது முதலில் உறைதலை எடுத்துப் பார்ப்பது, பிறகு ஃபில்டர் (வரி எண்கள் நீல நிறத்தில் இருந்தால் ஃபில்டர்), அதற்குப் பிறகே மறைத்த வரிகள் என்ற வரிசையில் போவது என் வழக்கம். இதன் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பெரிய மானிட்டரில் முப்பது வரியை உறைய வைத்த ஃபைலைச் சின்ன லேப்டாப்பில் திறந்தால், உறைந்த பகுதியே திரையை நிரப்பிவிடும். ஸ்க்ரோல் செய்தால் நகர்வது கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பகுதி. 'ஷீட் ஜாம் ஆயிடுச்சு' என்பார்கள். ஜூமைக் குறைத்தால் ரகசியம் வெளிப்படும்.

தெரிவதும் இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு நீதிமன்றம் வரை போன ஓர் உதாரணம் இருக்கிறது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் அமெரிக்கச் சொத்துகளில் ஒரு பகுதியை பார்க்லேஸ் வங்கி வாங்கியது. எந்த ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்கிறோம் என்ற பட்டியல் எக்செல்லில் இருந்தது. வேண்டாத வரிகளை நீக்காமல் மறைத்து வைத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அதைச் சீர்ப்படுத்திப் பிடிஎஃப் ஆக்கியபோது மறைந்த வரிகள் வெளியே வந்துவிட்டன. பார்க்லேஸ் வாங்க நினைக்காத 179 ஒப்பந்தங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டதாக அடுத்த மாதம் மனுப் போட வேண்டியதாயிற்று.

இதுவரை சொன்னவற்றில் பல வெறும் எரிச்சல்தான். இனி சொல்லப்போவது எரிச்சலே தராது, அதனால்தான் எனக்கு இதில் பயம் அதிகம்.

ஷீட் டேப்களில் கண்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு பலவற்றைத் தேர்ந்தெடுத்தால் அவை ஒரு குழு ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒன்றில் என்ன எழுதினாலும் குழுவில் உள்ள எல்லா ஷீட்டிலும் அதே செல்லில் எழுதப்படும். மேலே டைட்டில் பாரில் ஃபைல் பெயரின் பக்கத்தில் 'குரூப்' என்று ஒரு சொல் வரும். எக்செல் தரும் எச்சரிக்கை அவ்வளவுதான். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு ஷீட் வைத்து வரவு செலவு எழுதும் ஒரு சங்கம் இருக்கிறது என்று வையுங்கள். பிரிண்ட் எடுப்பதற்காக எல்லா ஷீட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். ஜூன் மாதத்தில் ஒரு செல்லில் 4500 என்று திருத்தினால், ஜனவரி முதல் டிசம்பர் வரை அதே செல்லில் இருந்த பன்னிரண்டு வேறு எண்களும் அழிந்து 4500 ஆகிவிடும். கூட்டுத்தொகை சரியாகக் கூட்டும். ஃபார்முலா எதுவும் உடையாது. ஜூன் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஜூன் சரியாகவே தெரியும். ஃபைலை மூடிவிட்டால் அன்டூவும் போச்சு.

இந்தக் குழு நிலையையும் ஃபைல் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பதுதான் வினை. ஒவ்வொரு ஷீட்டின் எக்ஸ்எம்எல்லிலும் 'இந்த டேப் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு குறி இருக்கும். ஒரே ஒரு ஷீட்டில் அந்தக் குறி இருந்தால் எல்லாம் இயல்பு. இரண்டில் இருந்தால் ஃபைல் திறக்கும்போதே குழுவாகத் திறக்கும். நீங்கள் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டாம். அனுப்பியவர் அப்படிச் சேமித்திருந்தால் போதும். மனிதர்கள் மட்டுமல்ல, நிரல்களும் இதைச் செய்கின்றன. பைத்தானில் எக்செல் ஃபைல் எழுதப் பரவலாகப் பயன்படும் ஓப்பன்பைஎக்ஸ்எல் நூலகத்தில், முன்னால் நிற்க வேண்டிய ஷீட்டை மாற்றினாலும், பழைய ஷீட்டில் இருக்கும் குறி தானாக அழியாது. விளைவு, அந்த நிரல் உருவாக்கும் ஒவ்வொரு அறிக்கையும் இரண்டு ஷீட் கோர்த்தபடியே வெளியே போகும். அதைத் திறந்து முதல் ஷீட்டில் யாராவது ஒரு குறிப்பு எழுதினால், இரண்டாவது ஷீட்டில் தரவு மேல் தரவு. இப்படி நிரல் எழுதுபவர்கள், சேமிக்கும் முன் எல்லா ஷீட்டிலும் அந்தக் குறியை நீக்கிவிட்டு வேண்டிய ஒன்றில் மட்டும் போடும் இரண்டு வரியைச் சேர்த்துவிட்டால் போதும்.

குழுவில் இருக்கிறோமா என்று தெரிய டைட்டில் பாரை நம்புவதைவிட டேப்களைப் பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்டவை வெளுத்துத் தெரிந்தால் குழு. ரிப்பனில் டேபிள், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போன்றவை காரணமில்லாமல் மங்கியிருந்தாலும் சந்தேகப்படலாம். வெளியே வர, குழுவில் இல்லாத ஒரு டேபைக் கிளிக் செய்யுங்கள், அல்லது ரைட் கிளிக்கில் 'அன்குரூப் ஷீட்ஸ்'. குழுவுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு டேபைக் கிளிக் செய்வதால் மட்டும் எப்போதும் குழு கலையாது, எல்லா ஷீட்டும் சேர்ந்திருந்தால்தான் கலையும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அம்புக்குறி அழுத்தினால் ஷீட் நகரும் பிரச்சினையை ஒரு வரியில் முடித்துவிடலாம்: ஸ்க்ரோல் லாக். இப்போதைய லேப்டாப்களில் அந்த விசையே இல்லாமல் இருக்கும். விண்டோஸின் ஆன்-ஸ்க்ரீன் கீபோர்டைத் திறந்தால் அதில் இருக்கும், ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். ஷீட் டேப்களே காணோம் என்றால் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் அந்த ஃபைலுக்கான காட்சி அமைப்புகளைப் பாருங்கள், அல்லது கீழே இருக்கும் கிடைமட்ட ஸ்க்ரோல் பாரை யாரோ இடதுபுறம் முழுக்க இழுத்து டேப்களை மூடியிருப்பார்கள். ஒரு மானிட்டரிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் எழுத்துகள் மங்கினாலோ பட்டன்கள் இடம் மாறினாலோ, ஆப்ஷன்ஸில் ஜெனரல் பகுதியில் பல திரைகளுக்கான தேர்வை 'கம்பாடிபிலிட்டி' பக்கம் மாற்றிப் பார்க்கலாம்.

எந்தப் பெட்டியில் சேர்ப்பது என்றே தெரியாத ஒன்று வந்தால் நான் செய்வது இதுதான். முதலில் அதே ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பேன். அங்கேயும் அப்படியே இருந்தால் விஷயம் ஃபைலுக்குள் இருக்கிறது. வியூ டேப், உறைதல், குழு, மறைவு, கடைசியில் ஜிப்பைத் திறந்து பார்ப்பது. அங்கே சரியாக இருந்தால், என் கம்ப்யூட்டரில் எல்லா எக்செல்லையும் மூடிவிட்டு, டாஸ்க் மேனேஜரில் எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த ஒரு ஃபைலை மட்டும் திறப்பேன். இப்போது சரியாகிவிட்டால் கூட இருந்த வேறு ஏதோ ஒரு ஃபைல்தான் காரணம். அப்போதும் சரியாகவில்லை என்றால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டே எக்செல்லைத் தொடங்கினால் சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் ஆட்-இன்களும், தொடக்கத்தில் தாமாகத் திறக்கும் ஃபைல்களும் வராது. சேஃப் மோடில் ஒழுங்காக இருந்தால் ஆட்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டியதுதான். கூடவே 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' என்ற ஃபோல்டரையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அதில் எந்த ஃபைலைப் போட்டாலும் எக்செல் தொடங்கும்போதெல்லாம் அது திறக்கும். எப்போதோ யாரோ தவறுதலாக அங்கே சேமித்த ஃபைல், ஆண்டுக்கணக்கில் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, கணக்கிடும் முறையையும் தீர்மானித்துக்கொண்டிருக்கும்.